ஜாஜர்கோட் மலைக்கிராமத்துக்கு நிதி திரட்டுகிறோம்: எதற்கு, யார் வழியாகச் செலவிடுவது?

கேள்வி: பெங்களூர்வாசி (பிப்ரவரி 2024)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பல ஆண்டுகளாக இரவுக் காவல் பார்த்துவருபவரின் சொந்த ஊர், நேபாளத்தின் கர்ணாலி மாநிலத்தில், ஜாஜர்கோட் மாவட்டத்து மலைச்சரிவு ஒன்றில் இருக்கிறது. 2023 நவம்பர் 3 அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்பு அங்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தை நேபாளத்தின் கண்காணிப்பு மையம் 6.4 என்றும், அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 5.7 என்றும் அளந்தன. அளவு எதுவாயினும், ஜாஜர்கோட்டிலும் அதை அடுத்த மேற்கு ருகும் மாவட்டத்திலுமாக 150-க்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் இறந்தார்கள். எங்கள் காவலரின் குடும்பத்தார் உயிர் தப்பினார்கள். வீடும், கொட்டிலில் கட்டியிருந்த எருமைகளும் போயின. ஊரில் இடியாமல் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் விரிசல் விழுந்திருப்பதால் யாரும் உள்ளே படுப்பதில்லை என்கிறார். குளிர்காலம் முழுவதையும் தார்ப்பாய்க்குக் கீழேயே கழித்திருக்கிறார்கள்.

குடியிருப்பில் உள்ளவர்களும் அவர்களுடைய அலுவலக நண்பர்களும் சேர்ந்தால் இந்திய ரூபாயில் நான்கு லட்சம் வரை திரட்ட முடியும் என்று தோன்றுகிறது. ஆனால் அதை என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு கருத்தாக இருக்கிறது. இரண்டு வீடுகளை முழுமையாகக் கட்டிக்கொடுத்து, வாசலில் குடியிருப்பின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். பள்ளிக்கூடம் கட்டலாம் என்கிறார்கள் சிலர். வீட்டில் உடுத்தாமல் கிடக்கும் துணிகளையும் கம்பளிகளையும் லாரியில் அனுப்பிவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. நேபாளப் பிரதமரின் பேரிடர் நிவாரண நிதிக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்போம் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. காவலரிடமே பணத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் இருக்கிறது. இத்தகைய பணியில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன். பணத்தைச் சட்டப்படி எப்படி அனுப்புவது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

பதில்: கல்கட்டடம்

நான் கட்டடப் பொறியாளன். 2015 நிலநடுக்கத்துக்குப் பின்னர் நேபாளத்தின் நுவாகோட் மாவட்டத்தில் வீடுகள் திரும்பக் கட்டப்பட்ட காலத்தில் அங்கே வேலை பார்த்தேன். ஆகவே அங்கு கண்டதைக் கொண்டு சொல்கிறேன்.

முதலில் அளவுகோலைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 25 அன்று கோர்க்கா மாவட்டத்தின் பார்பாக் அருகே 7.8 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்திலும், மே 12 அன்று ஏற்பட்ட 7.3 அளவிலான அதிர்விலும் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய ஐந்து லட்சம் வீடுகள் முற்றாக இடிந்தன. அந்த ஜூன் மாதம் காத்மாண்டுவில் நடந்த மாநாட்டில் நாடுகளும் வங்கிகளும் தருவதாக அறிவித்த தொகை நானூறு கோடி டாலருக்கும் அதிகம். ஆனால் அதைச் செலவிட வேண்டிய மறுகட்டமைப்பு ஆணையம் செயல்படத் தொடங்கவே டிசம்பர் ஆகிவிட்டது. இடையில் இந்திய எல்லையில் மாதக்கணக்கில் சரக்குப் போக்குவரத்து முடங்கியதால் எரிபொருளும் சிமென்டும் மலைக்கு ஏறவில்லை. கோடிகள் அறிவிக்கப்பட்ட பிறகும் முதல் குளிர்காலத்தை மக்கள் தகரக் கொட்டகைகளில்தான் கழித்தார்கள். உங்கள் நான்கு லட்சத்தின் பலம், அது சிறிய தொகையாக இருப்பதுதான். கோப்பு நகரக் காத்திராமல் அது போய்ச் சேர முடியும்.

அரசு அன்று கையாண்ட முறையில் வீட்டுக்காரரே வீட்டைக் கட்டுவார். அரசு தவணை முறையில் மானியம் கொடுக்கும். முதலில் இரண்டு லட்சம் நேபாள ரூபாய் என்று சொல்லி, பின்னர் மூன்று லட்சமாக உயர்த்தினார்கள். ஒப்பந்தம் போட்டவுடன் 50,000. அடித்தளம் முடிந்து பொறியாளர் பார்த்துச் சரி என்று எழுதிய பின்பு 1,50,000. சுவர் எழுந்து, வீட்டைச் சுற்றி ஓடும் பிணைப்புப் பட்டையான பெல்ட்டை மேலே போட்ட பின்பு 1,00,000. முறை நல்ல முறைதான். ஆனால் தொகை போதவில்லை. மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களும், கடன் வாங்க அஞ்சி, தவணை தவறிப்போகக் கூடாதே என்று ஒற்றை அறை மட்டும் எழுப்பியவர்களும் ஏராளம். அந்த ஒற்றை அறைகளில் பல இன்று மக்காச்சோளமும் விறகும் அடுக்கும் இடமாகிவிட்டன. குடும்பம் பழைய விரிசல் வீட்டுக்கோ தகரக் கொட்டகைக்கோ திரும்பிவிட்டது. ஜாஜர்கோட்டில் இந்த 2024 பிப்ரவரி வரை அரசு அறிவித்திருப்பது தற்காலிகக் குடிலுக்காக இரண்டு தவணைகளில் 50,000 நேபாள ரூபாய். நிரந்தர வீட்டுக்கான உதவி இனிமேல்தான் வர வேண்டும்.

இரண்டு வீடுகளை முழுமையாகக் கட்டித் தருவதை நான் ஆதரிக்க மாட்டேன். நான்கு லட்சம் இந்திய ரூபாய் அங்கே 6,40,000 ரூபாய் ஆகும். அரசின் பழைய கணக்கில் அது இரண்டு வீட்டுக்கான மானியம்தான். உண்மையான செலவுக்கு அதுவும் பற்றாது. அதே பணம், எல்லாரும் எப்படியும் தாமாகவே கட்டப்போகும் வீடுகளில், விலை கொடுத்து வாங்க வேண்டிய சில பொருள்களுக்கும் ஒரு நல்ல கொத்தனாருக்கும் செலவானால், பல வீடுகள் அடுத்த நடுக்கத்தைத் தாங்கும். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஊர்களில் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். பார்க்கக் கோட்டைச் சுவர்போல் தெரியும். ஆனால் அது ஒரே சுவர் இல்லை. வெளிமுகத்தில் ஒரு வரிசைக் கல், உள்முகத்தில் ஒரு வரிசைக் கல், நடுவே சில்லுக்கல்லும் மண்ணும். நிலம் குலுங்கினால் இரு முகங்களும் ஆளுக்கொரு பக்கம் வயிறு தள்ளும், நடுவிலுள்ள சில்லு கீழே இறங்கி அவற்றை மேலும் பிளக்கும், அதற்கு மேல் இருக்கும் கனத்த கூரை அப்படியே உட்காரும். இதைத் தடுக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை எட்டும் நீளக் கல்லை, இரண்டடி உயரத்துக்கு ஒன்றும் நான்கடி நீளத்துக்கு ஒன்றுமாக வைக்க வேண்டும். அவ்வளவு நீளக் கல் கிடைக்காத இடத்தில் மரத்துண்டோ வளைத்த கம்பியோ போதும். மூலைகளில் நீளக் கற்களை மாற்றி மாற்றிக் கோத்துக் கட்ட வேண்டும். அடித்தளம், சன்னல் அடி, கதவுத் தலைமட்டம், கூரை மட்டம் ஆகிய இடங்களில் வீட்டைச் சுற்றிப் பெல்ட் ஓட வேண்டும். சிமென்டு ஏறாத ஊரில், இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்துப் பெல்ட்டாகப் போடலாம். அதையும் நேபாளக் கட்டட விதிகள் ஏற்கின்றன. முக்கோண உச்சிச் சுவரைக் கல்லால் எழுப்பாமல் தகரத்தாலோ பலகையாலோ அடைக்க வேண்டும்.

கல்லும் மண்ணும் இடிபாட்டிலேயே கிடக்கின்றன. ஆள்பலத்துக்கும் அங்கே "பர்மா" என்று ஒரு வழக்கம் உண்டு: இன்று நான் உன் வீட்டில் வேலை செய்தால் நாளை நீ என் வீட்டில் செய்ய வேண்டும், கூலி கிடையாது. ஆகவே கைக்காசு கரைவது கம்பி, தகரம், ஆணி, சிமென்டு, அவற்றை மலையேற்றும் கூலி, கொத்தனார் சம்பளம் ஆகியவற்றில்தான். வண்டி போகும் இடம் வரைக்கும் வந்த சிமென்டு மூட்டையை அதற்கு மேல் கோவேறு கழுதையோ, நெற்றியில் பட்டை மாட்டிக் கூடை சுமக்கும் மனிதரோதான் கொண்டுபோக வேண்டும். தூரம் கூடக் கூட, மூட்டையின் விலையைச் சுமைகூலி விழுங்கிவிடும். வெளியூரில் இருந்துகொண்டு திட்டம் போடுபவர்கள் முதலில் மறப்பது இந்தச் சுமைகூலியைத்தான்.

கொத்தனார்களை அங்கே "டகர்மி" என்பார்கள். 2015-க்குப் பிறகு, ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு ஏழு நாள் பயிற்சியும், புதியவர்களுக்கு ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே கற்கும் ஐம்பது நாள் பயிற்சியும் நடந்தன. இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டதால் பல இடங்களில் பெண்களே இப்பயிற்சிக்கு வந்தார்கள். ஜாஜர்கோட் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் இந்தியாவுக்கு வேலை தேடி வருபவர்கள். உங்கள் காவலரும் அப்படித்தானே. ஊரில் ஒரு மாதிரி வீட்டைக் கட்டிக்கொண்டே பத்துப் பேரைப் பழக்கினால், அந்தப் பத்துப் பேர் மற்ற வீடுகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்தை இந்தத் தொகையில் நினைக்க வேண்டாம். அதற்கு அரசின் வடிவமைப்பு ஒப்புதல் வேண்டும், செலவும் பல மடங்கு.

பதில்: வரவுசெலவு

மதுரையில் கணக்காயராக இருக்கிறேன். பணம் கைமாறும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தனி ஒருவரின் சேமிப்புக் கணக்கில் வசூல் செய்யாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாக வரும் தொகை, 1961 வருமான வரிச் சட்டத்தின் 56(2)(x) பிரிவின்படி அவருடைய வருமானமாகவே கருதப்படலாம். "நான் வெறுமனே வாங்கி அனுப்பினேன்" என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். குடியிருப்போர் சங்கம் பதிவு செய்யப்பட்டிருந்தால் தீர்மானம் நிறைவேற்றி, அதற்கெனத் தனிக் கணக்கு திறந்து வாங்குங்கள். நடத்துவதற்குக் குறைந்தது இரண்டு கையொப்பம் வேண்டும் என்று வையுங்கள்.

அடுத்து, அதே சட்டத்தில் நன்கொடையாளர்களுக்கு உள்ள 80ஜி வரிச்சலுகை கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அறக்கட்டளை ஒன்றின் வழியாகச் செய்தாலும் சிக்கல் தீராது. இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி ஒப்புதல் இல்லாத நிலையில், அத்தொகைக்கு அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவு தரும் வருமான வரி விலக்கு கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். அது வெளியிலிருந்து உள்ளே வரும் பணத்துக்கானது. இங்கே அது பொருந்தாது.

நேபாளத்துக்குப் பணம் அனுப்புவது மற்ற நாடுகளுக்கு அனுப்புவதுபோல் இல்லை. நேபாளத்திலோ பூட்டானிலோ வசிப்பவருடன் கொடுக்கல் வாங்கலுக்காக அந்நியச் செலாவணி எடுப்பதை நம் விதிகளே தடுக்கின்றன. ஆகவே மற்ற நாடுகளுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்ற தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தை நினைத்துக்கொண்டு போனால் வங்கியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரூபாயாகத்தான் போக வேண்டும். அதற்கென இந்திய–நேபாளப் பணம் அனுப்பும் வசதி ஒன்றை ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியிருக்கிறது. 2021 முதல் அதில் ஒரு தடவைக்கு இரண்டு லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். அது தனிநபர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்காக ஏற்பட்டது. ஓர் அமைப்பின் கணக்குக்கு நன்கொடை அனுப்புவதென்றால், வசூல் தொடங்கும் முன்பே உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் எழுத்து வழியாகக் கேட்டு, எழுத்து வழியாகவே பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூறு இந்திய ரூபாய்க்கு நூற்று அறுபது நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறவில்லை என்பதால் மாற்று விகிதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பெறும் பக்கத்திலும் விதி உண்டு. வெளிநாட்டுப் பணம் பெறும் நேபாளத் தொண்டு நிறுவனம் அங்குள்ள சமூக நல மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். "எங்கள் கணக்கில் போடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

பதில்: கடற்கரையாள்

நான் 2004 கடல்கோளுக்குப் பின் நாகப்பட்டினத்தில் தன்னார்வப் பணியில் இருந்தவள். மலைக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் பணம் கொடுப்பவர்களின் மனம் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

துணி வேண்டாம். அன்று நாகையின் சாலையோரங்களில் பழைய துணி மலைமலையாகக் கிடந்து மழையில் நனைந்து மட்கியது; எடுத்துப் பார்க்கக்கூட ஆள் இல்லை. கிழிந்த பட்டுப்புடவையையும் ஒற்றைக்கால் செருப்பையும் அனுப்பியவர்கள் இருந்தார்கள். உங்கள் லாரியோ எல்லையில் சுங்கத்தையும் தாண்ட வேண்டும். போர்வை வேண்டுமென்றால் அது நேபாள எல்லையோர நகரமான நேபாள்கஞ்சின் கடைவீதியிலேயே கிடைக்கும்.

பொறியாளர் ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பெல்ட்டுக்கும் கம்பிக்கும் பணத்தைப் பரவலாகப் பகிர்ந்தால், தாமாகவே கட்டத் திராணியுள்ளவர்களுக்கே அது பயன்படும். சுவர் எழுப்ப ஆளில்லாத வீட்டில் கம்பியை வைத்து என்ன செய்வது? பர்மா முறையில்கூட, திருப்பிக் கொடுக்கக் கையுழைப்பு இல்லாத முதியவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? நாகையில் கண்கூடாகப் பார்த்தோம். ஃபைபர் படகுகள் குவிந்தன. முன்பிருந்ததைவிட அதிகப் படகுகள் கரையேறின. ஆனால் கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களும், படகு இல்லாமல் கூலிக்குப் போனவர்களும், கரையிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த தலித் குடியிருப்புகளும் பட்டியலுக்குள் நுழையவே மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கொடுப்பவர் கண்ணுக்குப் படகு தெரிந்தது, கூடை தெரியவில்லை.

அங்கேயும் இதுதான் நடக்கும். 2015-க்குப் பிறகு நேபாளத்தில் மானியம் வாங்க நிலப்பட்டா காட்ட வேண்டியிருந்தது, "லால்பூர்ஜா" என்பார்கள். பட்டா மாமனார் பெயரில் இருக்கும், கணவன் இந்தியாவில் இருப்பான், மனைவி கையில் ஒரு தாளும் இருக்காது. அல்லது தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டாவே இல்லாத புறம்போக்காக இருக்கும். அந்த மலையூர்களில் தலித் குடும்பங்களின் வீடுகள் ஊரிலிருந்து ஒதுங்கி, சரிவான, சரியக்கூடிய இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகப் பகிர்ந்தோம் என்று அறிக்கை எழுதுவது எளிது. முதலில் பட்டியலில் விடுபட்டவர்கள் யார் என்று கேளுங்கள்.

பட்டியலை யார் தயாரிப்பது என்பதற்கும் அங்கே ஒரு வழி இருக்கிறது. 2017 முதல் நேபாளத்தில் 753 உள்ளாட்சிகள் இயங்குகின்றன. ஒவ்வொரு வார்டிலும் தலைவரோடு நான்கு உறுப்பினர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் பெண்ணாகவும் இன்னொருவர் தலித் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். வார்டு அலுவலகத்திலிருந்து பட்டியல் வந்தால், அந்த தலித் பெண் உறுப்பினர் அதைப் பார்த்தாரா, கூட்டத்தில் இருந்தாரா என்று கேளுங்கள். ஊரில் "ஆமா சமூஹம்" எனப்படும் தாய்மார் குழு இருந்தால் பட்டியலை அவர்கள் முன்னிலையிலும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உரக்க வாசிக்கும்போதுதான் "அவனுக்கு நேபாள்கஞ்சில் மாடி வீடு இருக்கிறதே" என்று யாராவது ஒருவர் எழுந்து சொல்வார்.

ஆகவே என் யோசனை: வீட்டில் உழைக்கும் வயதில் ஆளே இல்லாத நான்கைந்து குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு முழுக் கூலியும் சேர்த்துக் கொடுங்கள்.

பெங்களூர்வாசி:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. துணி யோசனையை இன்றே கைவிடச் செய்துவிட்டேன். ஒரு சங்கடம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் பணம் தரப் போகிறவர்களில் பலர், ஜாஜர்கோட் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்து தரவில்லை; தினமும் வாசலில் வணக்கம் சொல்லும் இந்த மனிதருக்காகவே தருகிறார்கள். அப்படியிருக்க, ஊருக்கெனப் பொதுவாகச் செலவிட்டு அவர் வீட்டை விட்டுவிட்டால் அவர்கள் வருந்துவார்கள். அவர் வீட்டுக்கே முதலில் கொடுத்தால் ஊருக்காக வசூலித்தோம் என்பது பொய்யாகிவிடும். அவரிடமே கேட்டேன். "சார், எனக்கு எவ்வளவு என்று நான் எப்படிச் சொல்வேன்?" என்றார். அதற்கு மேல் என்னால் கேட்க இயலவில்லை.

இன்னொன்று: பொறியாளர் ஐயாவும் அம்மையாரும் சொல்வதில் எந்தப் பக்கம் சாய்வது?

பதில்: வரவுசெலவு

இரண்டு உண்டியல் வையுங்கள். காவலருக்காகத் தர விரும்புபவர்கள் அவருக்கு நேரடியாக, தங்கள் பெயரில், தங்கள் விருப்பப்படி கொடுக்கட்டும். அது முதலாளிகள் தொழிலாளிக்குத் தரும் அன்பளிப்பு, ஊர்க் கணக்கில் அது வராது. அதை அவரே இந்திய–நேபாள வசதியின் வழியாக வீட்டுக்கு அனுப்பிக்கொள்வார். ஊர் நிதி தனி. அதில் அவர் குடும்பமும் மற்றவர்களைப் போலவே, பட்டியலில் வந்தால் பெறும், வராவிட்டால் இல்லை. நன்கொடைக் கோரிக்கையிலேயே இந்த வேறுபாட்டை இரண்டு வரிகளில் எழுதிவிடுங்கள். பணத்தை அவரிடம் கொடுத்து ஊரில் பகிரச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். கிடைக்காதவர்கள் எல்லாரும் அவரைத்தான் ஏசுவார்கள். விடுமுறைக்கு அவர் அந்த ஊருக்குத்தானே போக வேண்டும்.

பதில்: கல்கட்டடம்

அம்மையார் சொல்லும் குடும்பங்களை நானும் நுவாகோட்டில் பார்த்திருக்கிறேன். மூன்று தவணைகளில் முதல் தவணையை வாங்கி, அதைச் சாப்பாட்டுக்குச் செலவழித்துவிட்டு, அடுத்த தவணைக்குத் தகுதியற்றவர்களாகிப் போனவர்கள் அவர்கள்தான். ஆனால் நான்கைந்து வீடுகளை முழுக்கூலியோடு கட்ட உங்கள் தொகை போதாது. அரைகுறையாக நிற்கும் நான்கு சுவர்களைவிட மோசமான உதவி கிடையாது. நான் செய்வதென்றால், பயிற்சிக்குரிய மாதிரி வீட்டை அத்தகைய ஒரு குடும்பத்தின் இடத்திலேயே கட்டுவேன். ஐம்பது நாள் பயிற்சிக்கு எப்படியும் ஒரு வீடு எழ வேண்டும். அது வார்டு தலைவரின் சொந்தக்காரர் வீடாக எதற்கு இருக்க வேண்டும்? கற்பவர்களின் உழைப்பும் அந்த வீட்டுக்கே போகிறது. மிச்சப் பணம் மற்ற வீடுகளின் பெல்ட்டுக்கும் சுமைகூலிக்கும் ஆகட்டும். காத்மாண்டு பள்ளத்தாக்கில் உள்ள நேபாள நிலநடுக்கத் தொழில்நுட்பச் சங்கம் கொத்தனார் பயிற்சியில் நீண்ட அனுபவம் உள்ளது. அவர்களுடைய கையேடுகள் நேபாளி மொழியில் படங்களோடு இருக்கின்றன.

அம்மையார் பட்டா பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சரிவில் விரிசல் விழுந்திருந்தால் அதே இடத்தில் கட்டக் கூடாது. மழைக்காலத்தில் இடம் முழுவதும் இறங்கிவிடலாம். இதைப் பொறியாளர் ஒருவர் நேரில் நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அவருடைய பயணச்செலவை "நிர்வாகச் செலவு" என்று சொல்லி நன்கொடையாளர்கள் முகம் சுளித்தால், அதைத் திட்டத்தின் முதல் வரியாகவே எழுதிக் காட்டுங்கள்.

பதில்: சிங்கைத்தமிழன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உங்கள் அறிவிப்பு சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களுக்கும் பகிரப்படுமென்றால் ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு அறப்பணிக்கு இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் நூற்றுக்கு எண்பது பங்கு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பதே பொது விதி, பேரிடர் நிவாரணத்துக்கு ஆணையர் விலக்குத் தரலாம். ஆகவே இங்குள்ளவர்கள் தனித்தனியே தங்கள் பணத்தைத் தரட்டும். உங்கள் பெயரில் இங்கே யாரும் வசூலிக்க வேண்டாம்.

பதில்: கடற்கரையாள்

மாதிரி வீட்டை உழைக்க ஆளில்லாத ஒரு குடும்பத்தின் மனையில் கட்டலாம் என்பது நல்ல யோசனை. என் நான்கைந்து குடும்பங்களை அந்த ஒரு குடும்பத்துக்குக் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் மற்ற மூன்று நான்கு பேருக்குக் கூலிக்கென ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள்.

வசூல் குறித்தும் சொல்ல வேண்டும். இப்போது பிப்ரவரி. தொலைக்காட்சியில் ஜாஜர்கோட் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. மழை தொடங்கினால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மலைப்பாதைகளில் லாரி ஏறாது, மண்சரிவு வேறு. அது நடவுக்காலமும்கூட, கையில் மண்வெட்டி இருப்பவர் கொத்துக்கரண்டி எடுக்க மாட்டார். மழைக்காலத்துக்குப் பின் வரும் நேபாளத்தின் பெரும் பண்டிகையான தசைன் முடிந்த பிறகுதான் உண்மையான கட்டடக் காலம் தொடங்கும். ஆகவே இப்போது மொத்தத்தையும் கறந்துவிட்டு அடுத்த நவம்பரில் கணக்குக் காட்டுவதைவிட, பாதியை இப்போதும், மீதியை மாதம் இவ்வளவு என்று வாக்குறுதியாகவும் வாங்குங்கள். மாதந்தோறும் வரும் ஐந்நூறு ரூபாய், ஒரே நாளில் வரும் ஐயாயிரத்தைவிட நிலைக்கும். கொடுப்பவரும் ஊரை மறக்க மாட்டார். கணக்கைக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் தமிழிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஒட்டுவதுபோலவே, அந்த ஊரின் வார்டு அலுவலகச் சுவரிலும் நேபாளியில் ஒட்டச் செய்யுங்கள். பணம் கொடுத்தவருக்கு மட்டுமே காட்டப்படும் கணக்கில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

பெயர்ப்பலகை பற்றி: வேண்டாம். வீட்டுக்காரர் தம் வீட்டைத் தாமே கட்டுகிறார், அவருடைய வாசலில் நம் பெயர் எதற்கு?

பெங்களூர்வாசி:

நேற்று மாலை சங்கக் கூட்டத்தில் இவற்றை வைத்துப் பேசினோம். இரண்டு உண்டியலுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பெயர்ப்பலகைக்கு மட்டும் இரண்டு பேர் கடைசி வரை வாதாடினார்கள். வங்கிக்கு நாளை கடிதம் போகிறது. பதில் வந்த பின்புதான் வசூல் அறிவிப்பு. மழைக்கு முன்னதாக ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறோம். அதற்குத் தகரம் வாங்கிக் கொடுப்பது சரியாக இருக்குமா? அல்லது அது பிறகு வீணாகிவிடுமா?

பதில்: கல்கட்டடம்

தகரம் வீணாகாது. இன்று கொட்டகைக்கு மேல் போட்ட அதே தகரத்தை நாளை நிரந்தர வீட்டின் கூரைக்குக் கழற்றிப் போடலாம். 2015-க்குப் பிறகு பெரும்பாலோர் அப்படித்தான் செய்தார்கள். இந்தியாவிலிருந்து ஏற்றிச் செல்லாதீர்கள். சுர்க்கேத்திலோ நேபாள்கஞ்சிலோ வாங்கி, மாவட்டத் தலைநகர் கலங்கா வரை லாரியில் கொண்டுபோய், அங்கிருந்து ஊர் வரைக்கும் ஆகும் சுமைகூலியையும் சேர்த்தே கொடுங்கள். இல்லையேல் தகரம் கலங்காவிலேயே கிடக்கும். கடையில் 26 கேஜ் கனமுள்ள தகடு என்று கேட்டு, அச்சிட்ட எண்ணைத் தகட்டிலேயே பார்த்து வாங்கச் சொல்லுங்கள். விலை குறைவென்று மெல்லிய தகட்டை வாங்கினால் மலைக்காற்றில் ஆணித்துளை கிழிந்துபோகும். கழற்றித் திரும்பப் போட முடியாது. ஆணிக்குப் பதில் வளைகொக்கியும் வாஷரும் கொடுத்தால் கழற்றும்போது தகடு சேதமாகாது. தகட்டைச் சட்டத்தோடு கட்டுவதற்குத் துருப்பிடிக்காத கம்பிச்சுருள் வீட்டுக்கு ஒன்றாவது போகட்டும். எல்லாரும் மறக்கும் பொருள் அதுதான்.